கல்யாண மோதிரம் பொன்னாகத்தான் இருக்க வேணுமா?

ஏ-9 வீதியிலிருந்து நெடுங்கேணி, முல்லைத்தீவுப் பக்கம் வீதி பிரிகிற புளியங்குளம் சந்தியில் வவுனியா பஸ்ஸுக்கு நிற்பவர்களில், கல்யாண நகை எடுக்கப் போகிறவர்களைப் பார்த்ததும் தெரிந்துவிடும். தாய், தகப்பன், துணைக்கு ஒரு மாமி. கையில் இருக்கும் பையை யாரிடமும் மாற்றிக் கொடுக்க மாட்டார்கள். பைக்குள் இருப்பது நெல் விற்ற காசாக இருக்கும். வெளிநாட்டிலிருந்து தமையன் அனுப்பிய காசாக இருக்கும். இல்லாவிட்டால் வட்டிக்கு எடுத்த காசு. இந்த மூன்றாவது காசை நினைத்துத்தான் இதை எழுதுகிறேன்.

2025 ஒக்டோபரில் உலகச் சந்தையில் ஓர் அவுன்ஸ் தங்கம் 4,000 டொலரைத் தாண்டியது. அதே மாதம் இலங்கையில் 24 கரட் பவுண் ஒன்று நான்கு இலட்சம் ரூபாயைத் தொட்டது. பவுண் என்பது எட்டுக் கிராம். அந்த விலையில் மாப்பிள்ளைக்கு அரைப் பவுண், பெண்ணுக்கு அரைப் பவுண் என்று 22 கரட்டில் இரண்டு மோதிரம் செய்தால், கூலியும் சேதாரமும் சேர முன்னரே மூன்றரை இலட்சத்துக்கு மேல் போய்விடும். தாலிக்கொடி தனிக் கணக்கு. கூறை, மண்டபம், சாப்பாடு எல்லாம் அதற்கும் வெளியே.

ஆகவே, விலை குறைந்த உலோகத்தில் மோதிரம் எடுக்கலாமா என்று கேட்பதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கேட்கிற பிள்ளைகளுக்கு ஊரில் கிடைப்பதோ ஒருபக்கம் பயமுறுத்தல், மறுபக்கம் விற்கிறவரின் புகழ்ச்சி. அடிக்கடி காதில் விழுகிற பேச்சுகளை எடுத்துப் பார்க்கலாம்.

"பொன் இல்லாட்டி அது கல்யாண மோதிரமே இல்லை"

சட்டத்திலிருந்து தொடங்குவோம். இங்கே பொதுவாக விவாகம் பதியப்படுவது 1907ஆம் ஆண்டின் 19ஆம் இலக்க விவாகப் பதிவுக் கட்டளைச் சட்டத்தின் கீழ். அதற்கு வேண்டியது இருவரின் சம்மதம், பதிவாளர், இரண்டு சாட்சிகள், கையெழுத்துகள். மோதிரத்தை அது கேட்பதில்லை. கத்தோலிக்கத் திருமணத்தில் குருவானவர் மோதிரத்தை ஆசீர்வதிக்கிறார். ஆனாலும் திருமணத்தை உண்டாக்குவது இருவரின் சம்மதம்தான் என்பது திருச்சபைச் சட்டம். மோதிரம் இன்ன உலோகத்தில் இருக்க வேண்டும் என்ற நிபந்தனை அங்கும் கிடையாது.

சைவத் திருமணத்தில் பொன்னுக்கு இடம் இருக்கிறது. மாப்பிள்ளை வீட்டில் நல்ல நாள் பார்த்து ஆசாரியார் பொன்னை உருக்கும் பொன்னுருக்கு, தாலிக்குரியது. மோதிரத்துக்கு அப்படி ஒரு சடங்கு நம்மிடம் இல்லை. எழுத்தன்று மோதிரம் மாற்றுவது பிந்தி வந்து சேர்ந்த வழக்கம். மணவறையில் ஐயர் மாப்பிள்ளையின் மோதிர விரலில் போட்டுவிடும் பவித்திரம் தர்ப்பைப் புல்லில் முடிந்தது. அந்தப் புல் மோதிரத்தோடுதான் அவர் சங்கற்பம் செய்கிறார். அம்மி மிதிக்கும்போது பெண்ணின் கால்விரலில் ஏறும் மெட்டி வெள்ளி. மணவறைக்குள்ளேயே புல்லும் வெள்ளியும் மங்கலமாக இருக்கும்போது, வெள்ளியில் ஒரு கைமோதிரம் போட்டால் அமங்கலம் என்று சொல்ல என்ன நியாயம் இருக்கிறது?

இரும்பு என்றால் எதிர்ப்பு இன்னும் கூடும். "அது சனிக்குப் போடுறது" என்பார்கள். வங்காளத்து இந்துப் பெண்களின் கையைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். வெள்ளைச் சங்கு வளையல், சிவப்பு வளையலோடு இரும்புக் காப்பு ஒன்றும் அங்கே கிடக்கும். கணவன் இருக்கிறான் என்பதற்கு அதுவே அடையாளம். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் உரோமில் வாழ்ந்த பிளினி, நிச்சயித்த பெண்ணுக்குக் கல் பதிக்காத இரும்பு மோதிரம் அனுப்பும் வழக்கம் தன் காலத்திலும் இருப்பதாக எழுதி வைத்திருக்கிறார். 1935 டிசம்பர் 18 அன்று இத்தாலியில் முசோலினியின் அரசு எதியோப்பியா மீதான போருக்காகப் பெண்களின் பொன் மோதிரங்களைத் திரட்டி, பதிலாக உருக்கு மோதிரம் கொடுத்தது. மகாராணி எலெனாவும் தன் மோதிரத்தைக் கழற்றிக் கொடுத்தார். அந்தப் போரை நான் மெச்சவில்லை. விரலில் உலோகம் மாறியதால் யாருடைய கல்யாணமும் கலையவில்லை என்பதற்காகத்தான் அதைச் சொல்கிறேன்.

"வெள்ளி கறுத்தால் போட்டிருக்கிறவருக்குக் கூடாது"

கண்ணூறு, வருத்தம், வீட்டுக்குத் தரித்திரம் என்று இதற்கு ஊருக்கொரு விளக்கம். நடப்பது இதுதான்: காற்றிலும் வியர்வையிலும் உள்ள கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து மேலே மெல்லிய கறுப்புப் படலமாகின்றன. முட்டை அடித்த கை, வெங்காயம் நறுக்கிய கை, மிளகாய்த் தோட்டத்துக்குக் கந்தகத் தூள் தெளித்த கை என்றால் இன்னும் வேகமாகக் கறுக்கும். ஒரே குடும்பத்தில் ஒருவரின் மோதிரம் கறுத்து மற்றவருடையது பளிச்சென்று இருப்பதற்குக் கைவேலையும் வியர்வையும் போதுமான காரணம்.

கறுப்பை எடுக்க நம் வீடுகளில் திருநீறு போட்டுத் தேய்ப்பார்கள். அது நன்றாக வேலை செய்யும்; ஆனால் தேய்க்கும்போது கறுப்போடு கொஞ்சம் வெள்ளியும் போகும். வேறொரு வழி இருக்கிறது. ஒரு கிண்ணத்தின் அடியில் சாப்பாடு சுற்றும் அலுமினியத் தாளை விரித்து, மோதிரம் அதில் படும்படி வைத்து, ஒரு மேசைக்கரண்டி அப்பச்சோடாவைத் தூவி, கொதிநீரை ஊற்றுங்கள். சில நிமிடங்களில் கறுப்பு கழன்றுவிடும். கந்தகம் வெள்ளியை விட்டு அலுமினியத்துக்குப் போய்விடும். வெள்ளி இருந்தபடியே இருக்கும். முட்டை மணம் போல ஒன்று வந்தால் பயப்பட வேண்டாம், அது அந்தக் கந்தகம்தான். முத்தோ வேறு கற்களோ பதித்த மோதிரத்துக்கு இது வேண்டாம்.

வெள்ளி மோதிரத்தில் 925 என்ற முத்திரையைப் பாருங்கள். ஆயிரத்தில் 925 பங்கு வெள்ளி, மீதி பெரும்பாலும் செம்பு என்று அதற்குப் பொருள். செம்பு சேர்க்காவிட்டால் வெள்ளி மிக மென்மையாகிப் போகும். சேர்த்தும் அது தங்கத்தைப் போல மென்மையான உலோகம்தான்; மண்வெட்டிப் பிடியும் உழவு இயந்திரத்தின் வளையும் மெல்லிய வெள்ளி வளையத்தை நெளித்துவிடும். அதனால் தடிப்பு இரண்டு மில்லிமீற்றருக்குக் குறையாமல் செய்விக்க வேண்டும். தங்கத்தில் தடிப்பைக் கூட்டினால் விலை ஏறும் என்று பயப்பட வேண்டும். வெள்ளியில் அந்தப் பயம் இல்லை.

வன்னியில் இருப்பவர்களுக்கு என் முதல் பரிந்துரை வெள்ளிதான். காரணம் விலை மட்டும் அல்ல. இறுகினால் பெருப்பிக்க, தளர்ந்தால் சிறுப்பிக்க, வெடித்தால் ஒட்ட, எந்தப் பத்தருக்கும் கை பழகிய உலோகம் அது. முப்பது வருடம் போட்டிருக்கப் போகிற பொருளுக்கு இது பெரிய தகுதி.

"லண்டன் மோதிரம் தங்கமே இல்லை"

வெளிநாட்டில் உறவு இல்லாத வீடு வன்னியில் குறைவு. அங்கிருந்து வரும் மோதிரம் வெளிறிய மஞ்சளாக இருந்தால் "இது போலி" என்று ஒதுக்கிவிடுகிறோம். அது போலி இல்லை, கரட் குறைந்தது. உள்பக்கத்தில் உள்ள எண்ணைப் படித்தால் போதும். 916 என்றால் நமது 22 கரட். சுவிஸ் கடைகளில் அதிகம் காணும் 750, 18 கரட். ஜேர்மனியில் வழங்கும் 585, 14 கரட். அங்கேயே 333 என்ற 8 கரட்டும் உண்டு. கனடாவில் 10 கரட்டுக்கு 417. இங்கிலாந்தில் 375, அதாவது 9 கரட். ஆயிரத்தில் எத்தனை பங்கு தங்கம் என்பதையே இந்த எண்கள் காட்டுகின்றன.

இரண்டாம் உலகப் போர் நடந்தபோது, 1942இலிருந்து, இங்கிலாந்தில் கல்யாண மோதிரத்துக்கு அரசே வரம்பு வைத்தது: 9 கரட், எடை மூன்று கிராம் அளவு, அதற்கென்று தனி முத்திரை. அந்த மோதிரத்தோடு கட்டின பெண்கள் பலர் பேரப்பிள்ளைகளைக் கண்ட பிறகும் அதைக் கழற்றவில்லை. இந்தியாவிலும் தங்க விலை ஏறிய பிறகு, 2025 ஜூலையில் 9 கரட் நகைக்கும் ஹால்மார்க் முத்திரை போட வழி திறந்தார்கள். நம் ஊர்க் கடைகளில் அதைக் கேட்டால் வியப்பாகப் பார்ப்பார்கள். கேட்கக் கேட்கத்தான் வரும்.

9 கரட்டைப் பற்றி ஒரு கணக்கை மட்டும் தெரிந்துவைத்துக்கொண்டு வாங்குங்கள். 22 கரட்டில் நான்கு கிராம் எடையுள்ள மோதிரத்தின் அதே பருமனில் 9 கரட்டில் செய்தால், அது ஏறத்தாழ இரண்டரைக் கிராம்தான் இருக்கும். கலந்திருக்கும் செம்பும் வெள்ளியும் தங்கத்தை விடப் பாரம் குறைந்தவை. முதலாவதில் சுத்தத் தங்கம் 3.7 கிராம், இரண்டாவதில் ஒரு கிராமுக்கும் கொஞ்சம் குறைவு. கண்ணுக்கு ஒரே அளவு மோதிரம், உள்ளே இருக்கும் தங்கமோ கால் பங்கு. வாங்கும்போது இந்தக் கால் பங்கு உங்களுக்கு லாபம். விற்கப் போகும்போது அதே கால் பங்குதான் கைக்கு வரும்.

வெளிநாட்டு மோதிரத்தைப் பற்றிப் பேசும்போது இன்னொரு குழப்பமும் சேர்ந்து வரும். "வெள்ளைத் தங்கம்" என்றால் பிளாட்டினம் என்று பலர் நினைக்கிறார்கள். இரண்டும் வேறு. வெள்ளைத் தங்கம் என்பது தங்கத்தோடு பலேடியமோ நிக்கலோ கலந்து, மேலே ரோடியம் என்ற உலோகத்தை மெல்லியதாகப் பூசியது. சில வருடங்களில் பூச்சுத் தேய்ந்து இலேசான மஞ்சள் தெரியத் தொடங்கும். திரும்பப் பூச வேண்டும். பிளாட்டினம் தனி உலோகம், தங்கத்தை விடப் பாரமானது. இரண்டுமே நமது கேள்விக்கு விடை அல்ல.

"இப்போதைக்குக் கவரிங் போதும்"

ஒருநாள் படத்துக்குப் போதும். ஆனால் உடம்பில் மிக வேகமாகத் தேயும் நகை மோதிரம்தான். சங்கிலி சட்டைக்குள் சும்மா கிடக்கும். மோதிரம் சட்டியிலும் கயிற்றிலும் கப்பியிலும் நாள் முழுக்க உரசும். மின்முலாம் பூசிய தங்கப் படலம் தலைமயிரின் தடிப்பில் நூறில் ஒரு பங்கு கூட இல்லாமல் இருக்கலாம். அது போனதும் அடியில் உள்ள பித்தளையோ செம்போ வெளியே வந்து விரலில் பச்சை பிடிக்கும். பச்சை நஞ்சு இல்லை. செம்பு வியர்வையோடு சேர்ந்த உப்பு, சவர்க்காரம் போட்டுக் கழுவினால் போய்விடும். அடியில் நிக்கல் இருந்தால்தான் தொல்லை. நிக்கல் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு மோதிரத்தடியில் தோல் சிவந்து, அரித்து, நீர்க்கொப்புளம் போடும்.

கோயில் வாசல்களில் விற்கும் ஐம்பொன் மோதிரத்தையும் இங்கேயே சொல்லிவிடலாம். ஐந்து உலோகத்தில் பொன்னும் ஒன்று என்று நம்பி வாங்குகிறோம். பெயர்பெற்ற சோழர் காலத் திருமேனிகளை ஆராய்ந்தபோதே செம்பும் ஈயமும் வெள்ளீயமும்தான் பெருமளவில் தெரிந்தன. பொன்னும் வெள்ளியும் இருந்தால் மிகச் சிறிதளவு. திருமேனிக்கு அதனால் குறை ஒன்றும் இல்லை. ஆனால் நாள் முழுக்க விரலில் கிடந்து, அந்த விரலாலேயே சோறு குழைக்கிற ஒரு பொருளில் ஈயம் இருக்கக்கூடும் என்றால் நான் அதைக் கல்யாண மோதிரமாகச் சொல்ல மாட்டேன்.

காந்தத்தைக் கொண்டுபோய் வைத்துப் பார்த்து, ஒட்டவில்லை, ஆகவே நல்ல பொருள் என்று முடிவு கட்டுவதும் பிழை. பித்தளை ஒட்டாது, செம்பு ஒட்டாது, ஈயம் ஒட்டாது, நல்ல எவர்சில்வரும் பெரும்பாலும் ஒட்டாது. ஒட்டினால் அது தங்கமோ வெள்ளியோ இல்லை என்று சொல்லலாம். ஒட்டாததை வைத்து எதையும் சொல்ல முடியாது. பத்தரின் உரைகல்லுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

"டங்ஸ்டன் போட்டால் பிறகு விரலைத்தான் வெட்டோணும்"

இளைஞர்கள் இப்போது அதிகம் கேட்பது இந்தப் புது உலோகங்களை: எவர்சில்வர், டைட்டேனியம், டங்ஸ்டன். கொழும்பிலிருந்து தபாலில் வருகின்றன. விலையும் கையைக் கடிக்காது.

எவர்சில்வரில் 316எல் என்ற வகையைக் கேளுங்கள். அதில் பத்து வீதத்துக்கு மேல் நிக்கல் இருக்கிறது. ஆனால் அது உலோகத்துக்குள் இறுகிக் கிடப்பதால் தோலுக்கு மிகக் குறைவாகவே கசிகிறது. ஐரோப்பாவில் தோலில் படும் பொருளுக்குச் சட்டம் பார்ப்பதும் எவ்வளவு நிக்கல் கசிகிறது என்பதைத்தான். கவரிங்கால் முன்னமே தோல் அரித்தவர்களுக்கு எவர்சில்வரை விட டைட்டேனியம் நல்லது. எலும்பு முறிந்தால் உடம்புக்குள் வைக்கிற உலோகம் அது. தங்கத்தின் பாரத்தில் கால் பங்குதான் இருக்கும். முதல் சில நாள் மோதிரம் போட்டிருப்பதே தெரியாது.

டங்ஸ்டன் மோதிரம் என்று விற்பது உண்மையில் டங்ஸ்டன் காபைட். கீறல் விழுவது அரிது. அந்தக் கடினமே அதன் பலவீனம்: சீமெந்துத் தரையில் ஓங்கி விழுந்தால் வெடிக்கலாம். விரல் வீங்கினால் கழற்றவே முடியாது என்ற பேச்சும் பிழை. அதை அரத்தால் அறுக்க முடியாது. பூட்டிப் பிடிக்கும் குறட்டால் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினால் துண்டு துண்டாக உடைந்துவிடும். எவர்சில்வரையும் டைட்டேனியத்தையும் வைத்தியசாலையில் வெட்டி எடுக்கலாம், தங்கத்தை விடக் கூட நேரம் பிடிக்கும், அவ்வளவுதான்.

இவற்றின் மெய்யான குறை வேறு. டங்ஸ்டனை ஒரு நூலளவு கூடப் பெருப்பிக்கவோ சிறுப்பிக்கவோ முடியாது. டைட்டேனியத்தையும் எவர்சில்வரையும் ஊர்ப் பத்தர் கையில் எடுக்க மாட்டார். பிள்ளை வயிற்றில் இருக்கும்போது தாயின் விரல் வீங்கும். வயது போகப் போக எல்லோர் விரலும் தடிக்கும். அப்போது இந்த மோதிரம் பெட்டிக்குள் போய்விடும், புதிதாக ஒன்று வாங்க வேண்டும். அதை முன்னமே ஏற்றுக்கொண்டு வாங்குவதென்றால் வாங்கலாம்.

எந்த உலோகமானாலும் வன்னியில் இருப்பவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. வயலில் பாம்பு தீண்டினால், முக்கியமாகப் புடையன் என்றால், கை மளமளவென்று வீங்கும். வைத்தியசாலைக்குப் புறப்படும்போதே மோதிரம், காப்பு, மணிக்கூடு எல்லாவற்றையும் கழற்றிவிட வேண்டும். வீங்கிய பிறகு இறுகிய வளையம் விரலின் இரத்த ஓட்டத்தை நிறுத்திவிடும். சூடடிக்கும் இயந்திரத்திலும் நீர்ப்பம்பியின் பட்டியிலும் வேலை செய்பவர்கள் வேலைக்கு முன்னரே கழற்றுவது நல்லது. மோதிரம் மாட்டிக்கொண்டால் விரலோடு இழுத்துப் போகும்.

சாதாரணமாக இறுகிப்போன மோதிரத்துக்குத் தையல் நூல் போதும். நூலின் ஒரு நுனியை ஊசிக் காதால் மோதிரத்தின் கீழே நுழைத்து உள்ளங்கைப் பக்கம் எடுங்கள். மற்றப் பக்க நூலை மோதிரத்தை ஒட்டி, இடைவெளி விடாமல், விரல் மூட்டுத் தாண்டும்வரை இறுக்கிச் சுற்றுங்கள். இப்போது உள்ளங்கைப் பக்க நுனியைப் பிடித்து நகத்தின் திசையில் சுற்றி அவிழ்த்துக்கொண்டே வந்தால், மோதிரம் சுற்றுச் சுற்றாக மூட்டின் மேல் ஏறி வெளியே வரும். விரல் நீலம் பாய்ந்தோ விறைத்தோ இருந்தால், காயம் இருந்தால், இதைச் செய்யாமல் நேரே வைத்தியசாலைக்குப் போக வேண்டும்.

"பொன் என்றால் அவசரத்துக்கு உதவும், மற்றதெல்லாம் வீண் காசு"

இதில் உண்மை இருக்கிறது. அதை இலேசாகத் தள்ள எனக்கு மனம் வராது. 2009இல் எல்லாவற்றையும் விட்டுவிட்டு செட்டிகுளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்த குடும்பங்கள் பலவற்றுக்கு, கழுத்திலும் காதிலும் மிஞ்சிய பொன்தான் கையில் இருந்த ஒரே முதல். தாலிக்கொடியை விற்றுப் பிள்ளைக்குப் பால்மா வாங்கிய தாய்க்கு, பொன் வெறும் அலங்காரம் என்று யாரும் பாடம் சொல்ல முடியாது. வெள்ளி மோதிரத்தை வைத்து வங்கியில் அவசரத்துக்குக் காசு எடுப்பது கடினம். டங்ஸ்டனை யாரும் அடகு பிடிக்க மாட்டார்கள்.

ஆனால் மோதிரம் நல்ல சேமிப்பா? வாங்கும்போது கொடுக்கும் கூலியும் சேதாரமும் விற்கும்போது திரும்பி வராது. வருடக் கணக்கில் விரலில் தேய்ந்து எடையும் குறையும். வட்டிக்கு எடுத்த காசில் வாங்கிய மோதிரம் என்றால் கதை இன்னும் மோசம்: வாரத் தவணை கட்ட முடியாமல் கடைசியில் அதே மோதிரம் அடகுக்குப் போகும், இரண்டு வட்டி ஓடும். நுண்நிதிக் கடன் நம் பெண்களை என்ன செய்தது என்று புதிதாகச் சொல்லத் தேவையில்லை. வரட்சி பாதித்த மாவட்டங்களில் பெண்கள் எடுத்த ஓர் இலட்சத்துக்கு உட்பட்ட கடன்களுக்கு 2018இல் அரசே நிவாரணம் அறிவிக்கும் நிலை வந்தது. கல்யாணத்துக்காக அந்த வரிசையில் இன்னொரு பிள்ளை போய் நிற்கக் கூடாது.

ஆகவே அடையாளத்தையும் சேமிப்பையும் பிரித்துப் பார்க்கச் சொல்கிறேன். மோதிரம் இரண்டையும் தடித்த வெள்ளியில் செய்யுங்கள்; உள்பக்கத்தில் பெயரும் திகதியும் வெட்டச் சொல்லுங்கள். மோதிரத்துக்கென்று கடன் படாமல் கையில் இருக்கும் காசு எவ்வளவோ அதற்கு 24 கரட் நாணயம் எடுங்கள், ஒரு கிராம் என்றாலும் சரி. நாணயத்தில் கூலி குறைவு, தேய்மானம் இல்லை. பில்லில் எடை, கரட், அன்றைய விலை, கூலி ஆகியவற்றைத் தனித்தனியாக எழுதிக் கேட்டு வாங்க வேண்டும். தரத்தில் ஐயம் வந்தால் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகாரசபையில் பரிசோதித்துக்கொள்ளலாம். அந்தப் பில்லைப் பெண்ணின் பெயரில் போடச் சொல்லி, அவளுடைய கையிலேயே கொடுத்துவிடுங்கள்.